ட்ரில் ஓடறப்ப 84, ஓடறதுக்கு முன்னாடி 118: பல்லு டாக்டர் பயத்துல உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

போன மாசம் எனக்கு கீழ் கடைவாய்ப்பல்லுல ரூட் கேனால். வியாழக்கிழமை காலைல பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட், புதன்கிழமை ராத்திரியே வயிறு கலக்க ஆரம்பிச்சிடுச்சு. அன்னைக்கு பல்லு வலிக்கவே இல்ல, மாத்திரை போட்டு வலி போயி ரெண்டு நாள் ஆச்சு, யாரும் என்னை ஒண்ணும் பண்ணல, ஃபேன் காத்துல பாய விரிச்சு படுத்திருக்கேன், ஆனா நெஞ்சு என்னமோ தெருநாய் தொரத்துற மாதிரி அடிச்சுக்குது. மறுநாள் சேர்ல உக்கார வெச்சு விரல்ல கிளிப் மாட்டினப்போ மானிட்டர்ல பல்ஸ் 118. டாக்டர் அப்ப இன்னும் கிளவுஸ் கூட போடல, பக்கத்து ரூம்ல யார்கிட்டயோ பேசிட்டு இருந்தாரு. அப்புறம் ஊசி போட்டு, பாதி மூஞ்சி மரத்துப்போயி, அவரு பாட்டுக்கு பல்லத் தோண்டிட்டு இருந்தப்ப ஓரக்கண்ணால ஒரு தடவ மானிட்டரைப் பாத்தேன், 84.

தோண்டறப்ப 84, தோண்டப்போறாங்கன்னப்ப 118. நியாயமா பாத்தா தலைகீழா இல்ல இருக்கணும்? இது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தேடித்தேடிப் படிச்சேன். பல்லு வைத்தியத்துல உடம்பு படற பாட்டுல பெரும்பங்கு வைத்தியத்தால வர்றதில்ல, அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறதால வர்றதுங்கறதுதான் எனக்குப் புரிஞ்சது, அதைத்தான் இங்க சொல்லப்போறேன்.

முதல்ல ஒரு அடிப்படை. பயந்தா அட்ரினலின் ஊத்தும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா உடம்புல இதுக்கு ரெண்டு தனித்தனி லைன் இருக்கு, ஒண்ணு ஃபாஸ்ட் பாசஞ்சர் இல்ல, நேரா எக்ஸ்பிரஸ், இன்னொண்ணு ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு வர்ற வண்டி. எக்ஸ்பிரஸ்தான் அட்ரினலின். மூளைல ஆபத்துன்னு மணி அடிச்சதும் முதுகுத்தண்டு வழியா நரம்பு நேரா கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரீனல் சுரப்பியோட உள்பகுதிக்கே போகுது, ஒயர் போட்டு சுவிட்ச் தட்டின மாதிரி, அதனால சில செகண்டுலயே ரத்தத்துல அட்ரினலின் ஏறிடும். இருதயம் வேகமாகும், பிபி ஏறும், கைல ரத்தக்குழாய் சுருங்கி விரல் ஜில்லுனு ஆகும், உள்ளங்கை வேர்க்கும், வாய் வறண்டு எச்சில் பசை மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல வால்டர் கேனன்னு ஒரு உடலியல் ஆராய்ச்சியாளர் 1915லயே இத விலாவாரியா எழுதிட்டாரு, சண்டை போடு இல்லன்னா ஓடிடுங்கற விஷயம் அவரோடதுதான். ஆனா வந்த வேகத்துலயே போயிடும், ரத்தத்துல ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாதியா கொறஞ்சுக்கிட்டே போகும்.

ஸ்டேஷன் ஸ்டேஷனா வர்றது கார்ட்டிசால். மூளைக்கு அடியில இருக்கிற ஹைப்போதாலமஸ் சிஆர்எச்னு ஒரு ஹார்மோன விடும், அது பக்கத்துல பிட்யூட்டரிய தட்டி எழுப்பும், பிட்யூட்டரி ஏசிடிஎச்னு இன்னொண்ண ரத்தத்துல விடும், அது சுத்தி வந்து அதே அட்ரீனல் சுரப்பியோட வெளிப்பகுதிக்குப் போயி சேர்ந்தப்புறம்தான் கார்ட்டிசால் தயாரிப்பே ஆரம்பிக்கும். அட்ரினலின் மாதிரி மூட்டை கட்டி ரெடியா ஸ்டாக் வெச்சிருக்கறதில்ல, ஆர்டர் வந்தப்புறம் மாவு அரைக்கிற கணக்கு. அதனால பயம் வந்து 20லருந்து 30 நிமிஷம் கழிச்சுதான் எச்சில்ல கார்ட்டிசால் உச்சத்துக்கு வரும், வந்தா லேசுல போகாது, பாதியா கொறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். (வயித்தக் கலக்கி ரெண்டு தடவ பாத்ரூம் ஓட வைக்கறதுல இந்த சிஆர்எச்சுக்கு பெரிய பங்கு இருக்கு, அது பெருங்குடலை முடுக்கி விடும். ரொம்ப நாளா அது வெறும் மனபிரமைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.)

இப்ப அந்த அரை மணி நேர லேட்ட மனசுல வெச்சுக்கிட்டு யோசிங்க. பத்தரைக்கு சேர்ல உக்காரும்போது உங்க ரத்தத்துல ஓடற கார்ட்டிசால் எதுக்கானது? பத்து மணிக்கு வெயிட்டிங் ஹால்ல உக்காந்து உள்ள இருந்து வந்த அந்த கீச்சு சத்தத்தைக் கேட்டு பயந்தீங்களே, அதுக்கானது. ஊசி குத்தினதுக்கான கார்ட்டிசால் வர்ற நேரத்துல, சின்ன வேலையா இருந்தா, நீங்க கவுன்டர்ல ஜிபே பண்ணிட்டு ரிசிப்ட்டுக்கு நின்னுட்டு இருப்பீங்க. அதனால டாக்டர் ஊசிய எடுக்கிறப்ப சந்திக்கிறது, ஏற்கனவே அரை மணி நேரமா ஊற வெச்ச ஒரு உடம்பை.

எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, அறுபது வயசிருக்கும், கூட வந்த வீட்டுக்காரரு பேப்பர விரிச்சு வெச்சிருக்காரு ஆனா பக்கம் திருப்பவே இல்ல.

"மொதத் தடவையா தம்பி?"

"இல்லம்மா, இது மூணாவது பல்லு."

"இவருக்கு போன வாரமே புடுங்கியிருக்கணும். பிபி 190 காட்டுது, இன்னைக்கு கை வெக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்டுக்குப் போயி மறுநாள் பாத்தா 140தான்."

அவரு பேப்பர்ல இருந்து தலைய நிமித்தாமலே "அந்த மெஷின் சரியில்ல"ன்னாரு. மெஷின் சரியாத்தான் இருந்திருக்கும். 180க்கு 110ன்னு தாண்டிட்டா அவசரமில்லாத பல்லு வேலைய தள்ளிப் போடறது பல க்ளினிக்ல வழக்கம், அந்த நம்பர ஏத்தினது அவரோட சொந்த அட்ரினலின். இதே கதைதான் சுகருக்கும், அட்ரினலின், கார்ட்டிசால் ரெண்டுமே கல்லீரலைத் தட்டி சர்க்கரைய ரத்தத்துல இறக்கி விடற ஆளுங்க, அதனால பல்லு புடுங்கப் போற அன்னைக்கு வீட்ல காட்டினதை விட க்ளினிக்ல சுகர் கூடிக் காட்டினா மெஷின திட்ட வேண்டாம்.

ஸ்ட்ரெஸ்ங்கற வார்த்தைய மருத்துவத்துக்குள்ள பிரபலமாக்கினவரு ஹான்ஸ் செல்யே. 1936ல எலிங்களுக்கு குளிர், காயம், விஷம்னு என்னத்தக் கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் ஆகுது, அட்ரீனல் சுரப்பி வீங்குது, நெஞ்சுக்குள்ள இருக்கிற தைமஸ்ங்கற நோய் எதிர்ப்பு சுரப்பி சுருங்குது, வயித்துல புண்ணு வருதுன்னு எழுதினாரு. அடிபட்டா உடம்பு இப்படி, அவ்ளோதான்னு கொஞ்ச காலம் எல்லாரும் நம்பினாங்க. அப்புறம் ஜான் மேசன்னு ஒருத்தர் குரங்குகளை வெச்சு ஒரு வேலை பண்ணாரு. பட்டினி போட்டா கார்ட்டிசால் ஏறும், சரி. ஆனா மத்த குரங்குங்க சாப்பிடறத பாக்கவிடாம, சத்தே இல்லாத ஆனா வாசனையா ருசியா இருக்கிற வெறும் உருண்டைய வாயில போட்டுக்கிட்டே இருக்க விட்டா, பட்டினி அதே பட்டினிதான், கார்ட்டிசால் மட்டும் அவ்ளோவா ஏறல. வயிறு காலியா இருக்கிறது பிரச்சனை இல்ல, 'நமக்கு மட்டும் போடலயே'ங்கறதுதான் பிரச்சனை. எனக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பப் புடிச்சிருந்துச்சு. உடம்புக்கு என்ன ஆகுதுங்கறத விட, ஆகப்போறதுன்னு மூளை என்ன கணக்குப் போடுதோ அதுக்குத்தான் ஹார்மோன் சுரக்குது. முந்தின நாள் ராத்திரி பாயில படுத்திருந்த எனக்கு பல்ஸ் எகிறினதுக்கு இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்.

எந்த மாதிரி கணக்குக்கு கார்ட்டிசால் அதிகமா ஏறும்னும் பாத்திருக்காங்க. 2004ல சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனின்னு ரெண்டு பேரு 208 லேப் ஆய்வுகள ஒண்ணா சேர்த்து அலசினாங்க. கஷ்டமான வேலைங்கறதுக்காக மட்டும் கார்ட்டிசால் பெருசா ஏறல. ரெண்டு விஷயம் சேர்ந்தாதான் எகிறுது: நம்ம கையில எதுவும் இல்லைங்கற நெலமை, அடுத்தவங்க நம்மள மதிப்பு போட்டு கேவலமா நெனப்பாங்களோங்கற பயம். பல்லு டாக்டர் சேரை இதுக்கு மேல எப்படி வர்ணிக்கிறது? மல்லாக்க படுக்க வெச்சாச்சு, மூஞ்சில லைட் அடிக்குது, வாயத் தொறந்து வெச்சிருக்கறதால பேச முடியாது, என்ன எடுக்கறாங்கன்னு தெரியாது, எப்ப முடியும்னு தெரியாது. அது போதாதுன்னு கண்ணாடிய வாயில விட்டதும் "ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க, பல்லு வெளக்கறீங்களா இல்லையா"ன்னு ஒரு திட்டு. என்னோட முதல் பல்லுக்கு, ஊர் பேர் வேண்டாம், ஒரு இடத்துல அசிஸ்டென்ட் பொண்ணு, வெளிய உக்காந்திருந்த நாலு பேரு எல்லாரும் கேக்கற மாதிரி திட்டு வாங்கினேன், அதுக்கப்புறம் மூணு வருஷம் எந்த பல்லு டாக்டர்கிட்டயும் போகல. அந்தத் திட்டு நல்லதுக்குத்தான்னு நம்மூர்ல நியாயம் சொல்லுவாங்க. ஆனா அது பேஷன்ட்டுக்கு ஊத்தற கார்ட்டிசால், அக்கறை இல்ல.

போகாம விட்டா என்ன ஆகும்னும் சொல்லிடறேன், ஏன்னா இங்கதான் முடிச்சு விழுது. தள்ளிப் போடப் போட சொத்தை வேருக்குள்ள இறங்கி சீழ் புடிக்கும், சீழ் புடிச்ச இடம் அமிலத்தன்மையா இருக்கும், அமிலம் இருக்கிற இடத்துல மரத்துப்போற மருந்து நரம்புக்குள்ள சரியா நுழையாது, அதனால ஊசி போட்டும் வலிக்கும், வலிச்சதால அடுத்த தடவ இன்னும் பயம், இன்னும் லேட்டு.

ஊசின்னதும் ஞாபகம் வருது. "எனக்கு மரத்துப்போற ஊசி அலர்ஜிங்க, போட்டதும் படபடன்னு வந்துச்சு"ன்னு சொல்ற ஆளு நம்ம சொந்தத்துல ஒருத்தராவது இருப்பாரு. லிக்னோகேன் மருந்துக்கு நெஜ அலர்ஜி ரொம்ப ரொம்ப அபூர்வம். விஷயம் என்னன்னா அந்த ஊசிக்குள்ளயே அட்ரினலின் கலந்திருக்கு. ஜப்பான்காரரு ஜோகிச்சி டகமினே 1901 வாக்குல அட்ரினலின சுத்தமா பிரிச்செடுத்தாரு, ரெண்டே வருஷத்துல ஜெர்மனில ஹைன்ரிஷ் பிரவுன்னு ஒரு சர்ஜன் அத மரத்துப்போற மருந்தோட கலந்து பாத்துட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அந்த ஐடியாதான். ரத்தக்குழாய் சுருங்கினா மருந்து அடிச்சிட்டுப் போகாம அங்கயே நிக்கும், ரத்தமும் கம்மியா வரும். நம்மூர் க்ளினிக்ல நெறைய புழங்கறது 80,000த்துல ஒரு பங்கு கணக்கு, அதாவது ஒரு மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம், ரெண்டு மில்லி போட்டா 25. இதுல கொஞ்சம் ரத்தக்குழாய்க்குள்ள நேரா போயிட்டா நெஞ்சு ரெண்டு மூணு நிமிஷம் தடதடன்னு அடிச்சிட்டு அடங்கிடும், அவ்ளோதான். ஏற்கனவே பயத்துல சொந்த அட்ரினலின் ஓடிட்டு இருக்கிற ஆளுக்கு அது மேல இது சேர்ந்தா செத்தே போயிடுவோம்ங்கற மாதிரிதான் இருக்கும், அது புரியுது.

இருதய நோய் இருக்கறவங்களுக்கு இந்த அட்ரினலின் வேண்டாமேன்னு தோணும். ஆனா டாக்டருங்க அவங்களுக்கும் மொத்தம் 40 மைக்ரோகிராமத் தாண்டாம அளவோட போடறதுதான் வழக்கம். அட்ரினலின் இல்லாத மருந்தப் போட்டு சீக்கிரம் மரப்பு போயி வலி எடுத்துச்சுன்னா அந்த ஆளோட சுரப்பி தானா ஊத்தற அட்ரினலின் ஊசில இருக்கறத விட அதிகமா போயிடும். பயத்தையும் வலியையும் இவங்க மருந்து டோஸ் மாதிரி கணக்குல எடுத்துக்கறாங்கங்கறதே எனக்குப் புதுசு.

சரி, பயத்த எப்படி அளக்கறது? 1969ல நார்மன் கோரான்னு ஒருத்தர் நாலே நாலு கேள்விய வெச்சு ஒரு அளவுகோல் போட்டாரு, 1995ல ஜெரி ஹம்ஃப்ரிஸ் அதுல ஊசியப் பத்தி ஒரு கேள்விய சேர்த்து அஞ்சாக்கினாரு, மொத்தம் 25 மார்க், 19ம் அதுக்கு மேலயும் வந்தா ரொம்ப பயம்னு அர்த்தம். இதுல நான் கவனிச்சது கேள்விங்களோட வரிசை. முதல் கேள்வியே நாளைக்கு பல்லு டாக்டர்கிட்ட போகணும்னா எப்படி இருக்கும்ங்கறதுதான், ரெண்டாவது வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கிறப்ப, அதுக்கப்புறம் ட்ரில். பெரும்பாலும் நடக்கப்போறதப் பத்தித்தான் கேள்வி. கேள்வித்தாள் போட்டவங்களுக்கு விஷயம் எங்க இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. உலக அளவுல பெரியவங்கள்ல ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இந்தப் பயம் இருக்குன்னு பல ஆய்வுகள சேர்த்துப் பாத்து சொல்றாங்க.

ஹார்மோன அளக்கறதுதான் தலைவலி. பல்லு பயமும் கார்ட்டிசாலும்னு தேடினீங்கன்னா ஒரு ஆய்வு நல்லா ஏறுதும்பாங்க, இன்னொண்ணு பெரிய வித்தியாசம் இல்லம்பாங்க. இதுல யாரும் பொய் சொல்லல. கார்ட்டிசாலுக்குன்னு ஒரு தினசரி டைம்டேபிள் இருக்கு, நடுராத்திரி வாக்குல அடிமட்டத்துல இருக்கும், காலைல கண்ணு முழிச்சு அரை மணிலருந்து முக்கா மணி நேரத்துல உச்சிக்குப் போகும், அப்புறம் நாள் முழுக்க இறங்கிட்டே இருக்கும். அன்னைக்கு ஏதோ பெரிய வேலை காத்திருக்குன்னு தெரிஞ்சா அந்தக் காலை ஏத்தமே கூடுதலா இருக்கும்ங்கறாங்க. அப்ப காலை ஒன்பது மணி பேஷன்ட்டோட எச்சிலையும் சாயங்காலம் அஞ்சு மணி பேஷன்ட்டோட எச்சிலையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டா பயத்த அளக்கல, கடிகாரத்த அளந்திருக்கோம். இன்னொரு கூத்து, எச்சில் எடுக்கறது சுலபம், ஊசி குத்த வேண்டாம், ரத்தத்துல இருக்கிற கார்ட்டிசால்ல 90 சதவீதத்துக்கு மேல புரதத்தோட ஒட்டிட்டு சும்மா இருக்கும், எச்சில்ல வர்றது ஒட்டாம வேலை செய்யற பங்கு, அதனால ஆராய்ச்சிக்காரங்களுக்கு எச்சில்னா கொள்ளை இஷ்டம். ஆனா பல்லு புடுங்கின வாயில எச்சில் மட்டுமா இருக்கும்? ரத்தமும் கலந்துடும், கலந்தா ரிசல்ட் கெட்டுடும்.

வாசனைக்கும் சத்தத்துக்கும் தனியா ஒரு பங்கு இருக்கு. அந்த விசில் மாதிரி கீச்சு சத்தம், நம்மூர் டாக்டருங்க ஏரோட்டர்னு சொல்றது, ஜான் போர்டன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1957ல கொண்டு வந்த மெஷினோட பேரு, காத்தழுத்தத்துல நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுத்துக்கும் மேல சுத்தும். வேகமா வேலை முடியறதால வலி கொறைஞ்சுச்சு, ஆனா சத்தம் வெயிட்டிங் ஹால் வரைக்கும் வந்துடுச்சு. வாசனைன்னா கிராம்பு. பல்லுக்கு தற்காலிகமா அடைக்கிற பசைல கிராம்பெண்ணெய்ல இருக்கிற யூஜினால் கலந்திருக்கும். பிரான்ஸ்ல ஒரு ஆய்வுல அந்த வாசனைய மட்டும் மோந்து பாக்க விட்டு தோல், நாடித்துடிப்பெல்லாம் அளந்தாங்க, பல்லு டாக்டருக்குப் பயப்படாதவங்களுக்கு அது இனிமையான வாசனை, பயப்படறவங்களோட உடம்பு பயம், வெறுப்புன்னு பதில் சொல்லுச்சு. நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு குழப்பம் இருக்கும், அதே வாசனைதானே ஞாயித்துக்கிழமை பிரியாணிலயும் வருது.

சிலருக்கு இது நேர் எதிரா போயிடும். ஏறிட்டே இருந்த பல்ஸும் பிபியும் ஊசியப் பாத்ததும் திடீர்னு சரிஞ்சு, மூஞ்சி வெளுத்து, குப்புனு வேர்த்து மயக்கம். பல்லு க்ளினிக்ல வர்ற அவசர நெலமைங்கள்ல இதுதான் ரொம்ப சகஜம், அதுவும் வாட்டசாட்டமான இளவட்டப் பசங்கதான் பொத்துனு விழுவாங்க. படுக்க வெச்சு கால தூக்கிப் புடிச்சா போதும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். வெறும் வயித்துல போறது இதுக்கு வரவேற்பு. மரத்துப்போற ஊசி மட்டும்னா பட்டினி கெடக்கத் தேவையே இல்ல, டாக்டர் தனியா சொன்னாத்தான்.

பயத்துக்கு வைத்தியத்துக்கு முன்னாடி மட்டும் வேலை இல்ல, பின்னாடியும் இருக்கு. 1998ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநில யுனிவர்சிட்டில பல் மருத்துவம் படிக்கிற 11 மாணவர்களோட மேலண்ணத்துல 3.5 மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன காயம் பண்ணாங்க, லீவுல ஒரு தடவ, பரீட்சைக்கு மூணு நாள் முன்னாடி ஒரு தடவ. பரீட்சை நேரத்துல காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் புடிச்சுது. ஒருத்தருக்குக் கூட லீவுல இருந்ததை விட சீக்கிரம் ஆறல.

ஞாபகத்தையும் இது விட்டு வைக்கறதில்ல. ஜெரி கென்ட்னு ஒரு பிரிட்டிஷ் உளவியலாளர் 1985ல ஒண்ணு காட்டினாரு. எவ்ளோ வலிக்கும்னு எதிர்பாக்கறீங்கன்னு முன்னாடி கேட்டாரு, எவ்ளோ வலிச்சுதுன்னு முடிஞ்ச உடனே கேட்டாரு, மூணு மாசம் கழிச்சு அன்னைக்கு எவ்ளோ வலிச்சுதுன்னு மறுபடி கேட்டாரு. ரொம்ப பயப்படறவங்க மூணு மாசம் கழிச்சு சொன்ன வலி, நெஜமா வலிச்சதோட ஒத்துப்போகல, முன்னாடி எதிர்பாத்ததோடதான் ஒத்துப்போச்சு. பரவால்லையேன்னு வெளிய வந்த ஆளு மூணு மாசத்துல உயிர் போச்சுன்னு கதை சொல்றதுக்கு இதான் காரணம். அதனாலதான் நான் 84ங்கறத அன்னைக்கே போன்ல எழுதி வெச்சேன்.

என்ன பண்ணலாம்னா, காத்திருக்கிற நேரத்தக் கொறைக்கணும், கையில ஒரு ஸ்டாப் பட்டன் வேணும். அன்னைக்கு முதல் அப்பாயின்ட்மென்ட்டா கேட்டு வாங்கினா கார்ட்டிசால் காலைல இயல்பாவே ஒசரத்துல இருக்கும்தான், ஆனா முன்னாடி பேஷன்ட் யாரும் இல்லாததால வெயிட்டிங் ஹால்ல ஊற வேண்டாம், எனக்கு அதுதான் லாபம்னு படுது. கைய தூக்கினா நிறுத்திடணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசி வெச்சுக்கலாம், நான் வெச்சுக்கிட்டேன், ஒரு தடவ கூட தூக்கல, ஆனா தூக்கலாம்னு தெரிஞ்சதே போதுமா இருந்துச்சு. ரொம்ப முடியலன்னா சிரிப்பு வாயு, மயக்க மாத்திரைன்னு வழி இருக்கு, கேக்கறதுல வெக்கமில்ல. ஒரே ஒரு சீரியஸான விஷயம், ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்க உடம்பு தானா கார்ட்டிசால் சுரக்கிற பழக்கத்த விட்டிருக்கலாம், அவங்க பல்லு புடுங்கப் போறோமேன்னு தானா மாத்திரைய நிறுத்தவே கூடாது, டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடணும்.

போன வாரம் அதே பல்லுக்கு கேப் போடப் போனேன். டாக்டர் வர முக்கா மணி நேரம் ஆகும்னு ரிசப்ஷன்ல சொன்னாங்க, சரி கூப்பிடுங்கன்னு நம்பரக் கொடுத்துட்டு எதிர்ல டீக்கடைல போயி உக்காந்துட்டேன், அங்க ஏரோட்டர் சத்தம் கேக்கல, பஸ் ஹாரன்தான். திரும்பி வந்து சேர்ல சாஞ்சு விரல்ல கிளிப் மாட்டினதும் முதல் வேலையா மானிட்டரைத் திரும்பிப் பாத்தேன், 97. 118லருந்து எவ்ளோ கொறைஞ்சிருக்குன்னு கணக்குப் போடறதுக்குள்ள, "ஆ காட்டுங்க"ன்னுட்டாரு.